நாலாம் நம்பரின் முன்சக்கரம்

19 செப்டம்பர் 2025, வெள்ளி

நான்கு விமானங்கள், ஒவ்வொன்றுக்கும் இருபத்து நான்கு படங்கள். பத்து மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்தேன். மூக்கில் தோல் உரிகிறது.

அமெரிக்காவில் பழைய விமானங்களைப் பாலைவனத்தில் நிறுத்தி வைப்பார்களாம், துருப்பிடிக்காது என்று. எங்கள் கம்பெனிக்கு வாய்த்தது செமோர் ஊருக்கு உள்ளே, ஈயம் தோண்டி முடித்துப் போட்ட மணல் நிலம். வெள்ளை மணலைப் பார்த்துவிட்டு மெக்கானிக் ரூபன் 'சஹாரா' என்று பெயர் வைத்துவிட்டான். என்ன சஹாரா? மூன்று மணி ஆனால் மழை கொட்டுகிறது. அதனால்தான் எனக்கு வேலையே. விமானங்களின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சக்கரம், இன்ஜின் உறை, கதவு, விமானி அறை என்று ஒவ்வொன்றையும் அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் எடுத்து, மூலையில் தேதி போட்டு அனுப்ப வேண்டும். அவர்களுக்கு அழகு வேண்டாம், தேதி வேண்டும். பதினோரு வருடம் கல்யாணப் படம் எடுத்தவளுக்கு இது பெரிய நிம்மதி. 'என்னைக் குண்டா காட்டிட்டீங்க' என்று எந்த விமானமும் சண்டைக்கு வராது.

வெளியே போகும்போது, கேட் காவலுக்கு நிற்கிற ஜாகா பிச்சைமுத்து அண்ணன் எல்லோருடைய பையையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறக்க வேண்டும். அது கம்பெனி விதி. என் பையை மட்டும் தொடமாட்டார். "போட்டோக்கார தங்கச்சி பையில என்னா இருக்கப் போவுது, ரெக்கையா?" வாரா வாரம் இதே ஜோக். வாரா வாரம் அவரே சிரித்துக்கொள்வார். நோட்டுப் புத்தகத்தைக் கை நீட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து என் பெயரை எழுதினார். கண்ணாடி உடைந்து இரண்டு மாதம் ஆகிறதாம். "மாத்தலாம் லா, தீபாவளி போவட்டும்." சரியான அறுவை மனிதர்.

26 செப்டம்பர், வெள்ளி

எல்லாம் எடுத்தாயிற்று. நாலாம் நம்பருக்கு அடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. ஆறு குட்டிகள். தாய் நாய் பல்லைக் காட்டி உறுமியதில் நான் பின்வாங்கி, ஆடிப்போன இரண்டு படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. கம்பெனி அலுவலகம் என்பது ஒரு கொள்கலன் பெட்டி. அதன் வாசலில் ரூபன் டூல்பாக்ஸ்களை வரிசையாக வைத்து, பொரிகடலை, வாழைப்பழம், சூடம் எல்லாம் வாங்கி வந்திருந்தான். பிச்சைமுத்து அண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு நான்கு விமானங்களுக்கும் நடந்தே போய், ஒவ்வொன்றின் முன்சக்கரக் காலிலும் சந்தனம் குழைத்து உள்ளங்கை அளவுக்குப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வேறு. "எங்கண்ணே ஓடப்போகுது இது? ரெக்கையே கழட்டி வெச்சிருக்கு" என்றேன். "ஓடாட்டி என்னா? வண்டி வண்டிதான" என்றார். போகிற போக்கில் என் கேமரா மூடியிலும் ஒரு பொட்டு.

மேனேஜர் மிஸ்டர் யாப் பினாங்கில் மீட்டிங். அவருக்கு வடை எடுத்து வைத்தோம். சாயங்காலம் நாங்களே தின்றுவிட்டோம்.

3 அக்டோபர், வெள்ளி

மழை இரண்டு மணிக்கே பிடித்துக்கொண்டது. மூன்று விமானங்களை முடித்திருந்தேன். நாலாம் நம்பர் கடைசியில், குட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அந்த நாய். தையல்காரி ஆறு மணிக்குக் கடையை அடைத்துவிடுவாள். தீபாவளி பிளவுஸ் இன்று வாங்காவிட்டால் அடுத்த வாரம்தான்.

போகவில்லை. போன வாரம் எடுத்த இருபத்து நான்கையே எடுத்து, மூலையில் இன்றைய தேதியைப் போட்டு அனுப்பிவிட்டேன். தேதி போடுவது கேமரா இல்லை, என் லேப்டாப்தான். நிற்கிற விமானம் ஒரு வாரத்தில் எங்கே போய்விடப் போகிறது?

பிளவுஸ் கை இறுக்கம். மறுபடியும் கொடுத்திருக்கிறேன்.

10 அக்டோபர், வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

நாலாம் நம்பர் விமானி அறையில் இருக்கைக்கு முன்னால் இருந்த இரண்டு டிஸ்ப்ளே திரைகளையும் காணோம். கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சதுரமாக இரண்டு ஓட்டை, உள்ளே வயர் தொங்குகிறது. நான்தான் முதலில் பார்த்தேன். படம் எடுக்கிற நோக்கத்தில் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தவள், ஓட்டையைப் பார்த்து "அலாமாக்!" என்று கத்திவிட்டேன். ரூபன் ஓடி வந்தான். மிஸ்டர் யாப் வந்தார். ஒரு திரையின் விலைக்கு ஒரு வீடு வாங்கலாமாம்.

எப்போது போயிருக்கும்? அதுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

அதை நான் சொல்ல முடிந்திருக்க வேண்டும். அதற்காகத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்.

11 அக்டோபர், சனி

மிஸ்டர் யாப் காலையிலேயே போன் செய்தார். மூன்றாம் தேதிப் படத்தைப் பார்த்தாராம். திரை இரண்டும் இருக்கிறதாம். "குட், தினேஸ்வரி. உங்க படத்தால தேதி கிளியரா இருக்கு."

நான் என்ன சொன்னேன்? "ஓகே பாஸ்" என்றேன்.

13 அக்டோபர், திங்கள்

பிச்சைமுத்து அண்ணனை போலீஸ் பலாய்க்குக் கூட்டிப் போய் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். வேலையிலிருந்தும் நிறுத்தி வைத்தாயிற்று. கணக்கு எளிதாக இருக்கிறது. மூன்றாம் தேதி திரை இருந்தது. பத்தாம் தேதி இல்லை. இடையில் வெளியாள் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவருக்கு இரவு ஷிப்ட், தனி ஆள். விமானக் கதவுச் சாவி ஜாகா அறையில் தொங்குகிறது. வேறு யார்?

ஆனால் எனக்குத் தெரியுமே. செப்டம்பர் 29, 30 இரண்டு நாளும் வெளி கான்டிராக்டர் ஆட்கள் லாரியோடு வந்து மூன்றாம் நம்பரில் வேலை பார்த்தார்கள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஐம்பது அடிகூட இல்லை. அந்த இரண்டு நாளும் பிச்சைமுத்து அண்ணன் சூத்தி, லீவு. மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பதிலுக்கு ஏஜென்சி அனுப்பிய ஆள் நாற்காலியை விட்டு எழுந்ததையே யாரும் பார்க்கவில்லை.

நான் நாலாம் நம்பரை உண்மையாகப் பார்த்தது 26ஆம் தேதி. அப்போது திரை இருந்தது. அதற்குப் பிறகு பத்தாம் தேதிதான். நடுவில் இரண்டு வாரம். அதில் ஒரு வாரத்தை நான் என் கையாலேயே அழித்துவிட்டேன்.

ஒருவேளை அவர்தான் எடுத்தாரோ? எடுத்திருக்கலாமே. யாருக்குத் தெரியும்?

ச்சே. இதை எழுதுகிறேனே.

14 அக்டோபர், செவ்வாய்

சாப்பிட முடியவில்லை. அம்மா, "ஒடம்பு சரியில்லையா? முகமெல்லாம் செத்துப் போயிருக்கு" என்றார். வெயில் என்றேன்.

லேப்டாப்பில் மூன்றாம் தேதிப் படங்களைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலும் முதல் படம் முன்சக்கரம். மழையில் கொஞ்சம் வழிந்திருந்தாலும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று தெரிகின்றன. பிறகு நாலாம் நம்பர்.

பொட்டு இல்லை.

இருக்காது. அது 26ஆம் தேதிப் படம். பூஜை 1ஆம் தேதி. அடி முட்டாளே, முட்டாளே! அனுப்பும்போது இது ஏன் உன் கண்ணில் படவில்லை? மிஸ்டர் யாப்புக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாது. நம் ஆள் ஒருவர் பார்த்தால் போதும். அதுவும் பொட்டு வைத்தவரே பார்த்தால்?

15 அக்டோபர், புதன்

விசாரணை. கொள்கலன் அறையில் மிஸ்டர் யாப், செக்யூரிட்டி ஏஜென்சியிலிருந்து ஒருவர், நான். எதிரில் பிச்சைமுத்து அண்ணன், யூனிபாரம் இல்லாமல். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மிஸ்டர் யாப் மலாயில்தான் கேட்டார். லேப்டாப்பை அண்ணன் பக்கம் திருப்பி என் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். முதல் படமே முன்சக்கரம். அண்ணன் குனிந்து, கண்ணைச் சுருக்கி, தலையை முன்னும் பின்னும் நகர்த்தி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முடிந்தது, இதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் எடுக்கல பாஸ்" என்று மட்டும் சொன்னார்.

என் முன்னால் ஒரு கடிதத்தை வைத்தார்கள். 'இந்தப் படங்கள் அக்டோபர் 3 அன்று என்னால் எடுக்கப்பட்டவை.' கீழே என் பெயர் தட்டச்சு செய்திருந்தது. பேனாவும் கொடுத்தார்கள்.

போட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

16 அக்டோபர், வியாழன்

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் என்னைப் பார்த்தார். பிறகு ஏன் சொல்லவில்லை? யாரிடமாவது போய்ச் சொல்லிக்கொண்டிருப்பாரா? ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

இன்று இன்னொன்று செய்தேன். மூன்றாம் நம்பரின் பொட்டை அப்படியே வெட்டி எடுத்து, நாலாம் நம்பரின் சக்கரக் காலில் ஒட்டினேன். நிழலைச் சரி செய்தேன். மழையில் வழிந்த கோட்டைக்கூட வரைந்தேன். மூன்று நிமிட வேலை. எத்தனை மணப்பெண்களின் முகப்பருவை இப்படி மறைத்திருக்கிறேன்! கம்பெனி கோப்பில் பழைய படத்தை எடுத்துவிட்டு இதை வைத்தால் ஈ காக்காய்க்குத் தெரியாது. எனக்கு அனுமதி இருக்கிறது. நான்தானே வைக்கிற ஆள்.

இன்னும் வைக்கவில்லை. அழிக்கவும் இல்லை. லேப்டாப்பில் இருக்கிறது.

17 அக்டோபர், வெள்ளி

தொண்ணூற்றாறு படங்களையும் ஒழுங்காக எடுத்தேன். நாலாம் நம்பருக்கு முதலிலேயே போனேன். உண்மையான பொட்டு அங்கே இருக்கிறது, சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் கறுத்துப்போய். அதன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தபோது அழுகை வந்தது. நாய் என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தது. உறுமக்கூட இல்லை.

கேட்டில் புது ஜாகா. என் பையைத் திறந்து பார்த்தான். "அந்தப் பிச்சைமுத்து புதன்கிழமை லெட்டர் குடுக்கப் போறானாம்" என்றான். என்ன லெட்டர் என்று கேட்டேன். டியூட்டியில் அசந்து தூங்கிவிட்டேன், அதனால் திருட்டு நடந்தது என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் கம்பெனி திருட்டுப் பழியை அவர் மேல் போடாதாம். வேலை போகும். ஏஜென்சிகள் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போடும். இனி எந்த கேட்டிலும் நிற்க முடியாது.

அப்படியென்றால் அவர் சொல்லப் போவதில்லையா? பொட்டைப் பற்றி?

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். பிறகு மாற்றிச் சொல்ல எனக்கு இடம் இருக்கக் கூடாது.

மத்தியானம் ஒரு டப்பா முறுக்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பழைய ரப்பர் தோட்டத்து லயம், விற்றது போக மிஞ்சி நிற்கிற ஒரே வரிசை. எதிரில் புதுத் தாமான் குடியிருப்பு வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. லயத்தில் மற்ற வீடுகளில் பாட்டு, பட்டாசு. அவர் வீட்டு வாசலில் கோலம்கூட இல்லை.

நான் எதற்குப் போனேன்? பெரிய நியாயவாதி மாதிரி எழுத வேண்டாம். அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று பார்க்கத்தான் போனேன். என் பயத்துக்காகத்தான் போனேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க தங்கச்சி, வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை வேட்டி நுனியால் துடைத்தார். அவர் மனைவி வீரம்மா அக்கா தட்டில் அதிரசம் கொண்டுவந்து வைத்தார். கம்பெனியிலிருந்து வந்தது நான் ஒருத்தி மட்டுமாம். அதற்கு நன்றி வேறு சொன்னார். அதிரசத்தைப் பிட்டுக் கையிலேயே வைத்திருந்தேன்.

கடைசியில் நானே கேட்டேன். "அன்னைக்கு அந்தப் படத்த அவ்ளோ நேரம் பாத்தீங்களேண்ணே. என்ன பாத்தீங்க?"

"எங்க பாத்தேன்? கண்ணாடி இல்லாம எல்லாம் சாம்பலாத்தான் தெரிஞ்சிச்சி. அவரு இருக்குங்குறாரு, சரி இருக்குன்னு நெனச்சிக்கிட்டேன். நீங்க எடுத்த படம், அதுல பொய்யா இருக்கப் போவுது?"

தெரியாது. அவருக்குத் தெரியவே தெரியாது! ஒரு நொடி, சத்தியமாக ஒரு நொடி, எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தப்பித்தேன் என்று நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார். என்னிடம் பேசினாரா, தரையிடம் பேசினாரா, தெரியவில்லை. "மூணாந்தேதி இருந்துருக்கு. அப்பறம்தான் போயிருக்கு. அப்ப என் ராத்திரியிலதான போயிருக்கணும்? நான் தூங்கலன்னுதான் நெனச்சேன் தங்கச்சி. இருபத்தி ரெண்டு வருசமா தூங்குனதில்ல. மணிக்கொரு தடவ கோப்பி போட்டுக் குடிச்சிக்கிட்டு சுத்தி வருவேன். ஆனா படத்துல இருக்கே. அப்ப எப்பவோ அசந்துருக்கேன். எந்த ராத்திரின்னு யோசிச்சி யோசிச்சிப் பாக்குறேன், பிடிபட மாட்டேங்குது. வயசாயிருச்சி போல."

வீரம்மா அக்கா கதவில் சாய்ந்து நின்று, "பத்து நாளா இதேதான். ராத்திரியில எந்திரிச்சி உக்காந்துக்கிறாரு. நான் தூங்கிட்டனா, நான் தூங்கிட்டனான்னு என்னைய கேக்குறாரு. எனக்கென்னா தெரியும்?" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணே, அது மூணாந்தேதி எடுத்த படம் இல்ல. அதுல பொட்டு இல்லண்ணே. பூசைக்கு முந்தி எடுத்த படம். மழன்னு நான் நாலாம் நம்பருக்குப் போகவே இல்ல. பழைய படத்துல தேதிய மாத்திப் போட்டுட்டேன்." இப்படித்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அழுதுகொண்டே சொன்னதால் பாதி விழுங்கியிருப்பேன்.

அவருக்குப் புரியவில்லை. வீரம்மா அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அப்ப அதுக்கு முந்தியே போயிருக்கலாமா? அந்த லாரிக்காரனுங்க வந்தப்ப? நீ தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டியா?" இதுவரை 'வாங்க போங்க' என்றவர் 'நீ' என்றார். சரிதான். அதற்குத்தான் நான் லாயக்கு.

பிச்சைமுத்து அண்ணன் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. மனைவி பக்கம் திரும்பி, குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பாத்தியா வீரம்மா, நான் தூங்கல. நான் தூங்கல" என்றார்.

முறுக்கு டப்பாவை வீரம்மா அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் போலிப் பொட்டுப் படத்தை அழித்தேன்.

22 அக்டோபர், புதன்

எட்டு மணிக்கு, பிச்சைமுத்து அண்ணன் வருவதற்கு முன்பே மிஸ்டர் யாப் மேசையின் முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. "அந்த ஆள் மேல பாவப்பட்டு இப்போ மாத்திச் சொல்றீங்களா?" என்றார். பாவம்! நான்கு முன்சக்கரப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே தேதி. மூன்றில் பொட்டு, ஒன்றில் இல்லை. ரூபன் தன் போனில் பூஜை அன்று எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினான். அண்ணன் ஏணிமேல் நின்று நாலாம் நம்பருக்குச் சந்தனம் பூசுகிறார்.

மிஸ்டர் யாப் எழுந்து வெளியே போய், மணலில் நடந்து, நான்கு விமானங்களையும் பார்த்துவிட்டு வந்தார். "மூணு வாரமா நான் இதைத் தாண்டித்தான் நடக்கிறேன். ஆயில் லீக்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு, "ஏன் தினேஸ்வரி?" என்று கேட்டார்.

பிளவுஸ் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன்.

24 அக்டோபர், வெள்ளி

பலாயில் மூன்று மணி நேரம். பழைய கடிதம் பொய் என்று புது வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். என் மேல் நடவடிக்கை வருமா என்று கேட்டதற்கு, "கூப்பிடுவோம்" என்றார்கள். கான்டிராக்டர் ஆட்களை விசாரிக்கப் போகிறார்களாம். திரை கிடைக்கிறதோ இல்லையோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

31ஆம் தேதியோடு எனக்கு வேலை இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், காரணத்தோடு. அம்மா துணி மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததையே திரும்பவும் மடித்தார்.

27 அக்டோபர், திங்கள்

பிச்சைமுத்து அண்ணன் வேலைக்கு வந்துவிட்டதாக ரூபன் செய்தி அனுப்பினான். பகல் ஷிப்ட்.

31 அக்டோபர், வெள்ளி

கடைசி நாள். தொண்ணூற்றாறு படங்கள். நாலாம் நம்பரில் பொட்டு அநேகமாகப் போய்விட்டது, விளிம்பில் கொஞ்சம் மஞ்சள் மட்டும். நாய்க்குட்டிகள் கொழுத்து மணலில் உருண்டுகொண்டிருக்கின்றன. வழக்கம்போல அதே இடங்களில் நின்று எடுத்தேன். கம்பெனி கேமராவை மூடியோடு மிஸ்டர் யாப்பிடம் ஒப்படைத்தேன்.

கேட்டில் அவர். புதுக் கண்ணாடி, தடிமனான கறுப்பு பிரேம். நான் எதிர்பார்த்தது என்ன? ஒரு திட்டாவது. இல்லையென்றால் அந்தப் பழைய ஜோக்.

மேசையைக் காட்டினார். பையை வைத்தேன். திறந்தார். ஒவ்வொரு ஜிப்பையும் திறந்தார். சாப்பாட்டு டப்பா, குடை, பேட்டரி வைக்கிற சின்ன உறை, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்தார். அவசரப்படவில்லை. முரட்டுத்தனமாகவும் செய்யவில்லை. எல்லோருக்கும் செய்வதுதான். நான் கைகளைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றேன்.

நோட்டை எடுத்து, கை நீட்டாமல், கிட்டத்தில் வைத்தே எழுதினார். தினேஸ்வரி. வெளியே: 4.10. கையெழுத்துப் போடச் சொல்லி என் பக்கம் திருப்பினார்.

போடும் முன் அவர் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்துதான். போட்டேன்.